லண்டனைத் தடுத்த இரண்டு பக்கம்

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும் லண்டனுக்குக் குடிபெயர்வது, 2009க்குப் பிந்திய வருடங்களில் எங்கள் ஆட்களிடையே காய்ச்சல் மாதிரிப் பரவியது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்த என் கணவருக்கும் அது தொற்றியது. ஆங்கிலம் படித்துவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தார். எனக்கோ அசைய விருப்பமில்லை. மாநகராட்சிக் கந்தோரில் சண்டை பிடிக்கிற அளவுக்குப் பிரெஞ்சு வந்ததே அப்போதுதான். இன்னொரு நாட்டில் மறுபடி ஊமையாக நிற்கப் பயமாக இருந்தது. அவருடைய உற்சாகத்தைப் பார்த்து வாய் திறக்காமல் இருந்தேன்.

கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஒஸ்லோவிலிருந்து என் அண்ணை வந்து மூன்று வாரம் தங்கினார். மூத்தவர் வீட்டில் இருக்க வெளியாரிடம் படிப்பது மரியாதையில்லை என்றார் கணவர். அண்ணையே ஆசிரியரானார். அவர் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகத்தில் விளக்கமெல்லாம் நோர்வேஜிய மொழியில்.

'கெட்' என்ற சொல்லில் வண்டி படுத்துவிட்டது. அதற்கு மட்டும் இரண்டு பக்கம். அண்ணை நோர்வேஜிய மொழியில் வாசிப்பார், கண்ணை மூடி யோசித்துத் தமிழில் சொல்வார், கணவர் பிரெஞ்சில் எழுதுவார்.

"ஃபோ எண்டால் கிடைக்கிறது. ஹென்தெ எண்டால் போய் எடுத்துக்கொண்டு வாறது. ப்ளி எண்டால் ஆகிறது. எல்லாத்துக்கும் கெட் தான்."

"அப்ப இங்கிலிசிலை வேறை சொல்லே இல்லையோ, மச்சான்?"

நான் உடனே தேத்தண்ணியும் வடையும் வைப்பேன். அந்த இரண்டு பக்கம் முடியாதவரை லண்டன் வராது. "அண்ணை, மூண்டாவதை இன்னொருக்காச் சொல்லுங்கோ, விளங்கேல்லை" என்று அக்கறையாகக் கேட்பேன். அண்ணையும் சளைக்காமல் முதலிலிருந்து தொடங்குவார்.

அண்ணை புறப்படும் நாளன்று கணவர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணை பெட்டி அடுக்கியபடி சொன்னார்:

"தங்கச்சி, அந்த ரெண்டு பக்கமும் ஒரு பின்னேரத்து வேலை. உனக்குப் போக விருப்பமில்லை எண்டு முதல் நாளே உன்ரை முகத்திலை கண்டனான். என்னாலை ஏலுமானமட்டும் இழுத்திட்டன். இனி நீதான் அவரிட்டைச் சொல்லவேணும்."

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை கணவருக்கு விடுமுறை. மத்தியானச் சோறு போட்டபடி சொன்னேன்: "இஞ்சேருங்கோ, எனக்கு லண்டன் வேண்டாம். பயமாக் கிடக்கு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் கறிச்சட்டியைப் பார்த்தபடி நின்றேன்.

"அதுக்கேன் அந்த மனுசனை மூண்டு கிழமை மினக்கெடுத்தினீர்?" என்றார் கடைசியில். "உமக்குப் பயமெண்டால் நாங்கள் ஏன் போகவேணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.