சந்திரமதியின் கறுப்பு வெள்ளை பேனர்

பெக்கான் நானாஸ் டவுனில் ரவிக்கை தைக்க நாலைந்து பேர் இருந்தாலும், கழுத்து வெட்டு என்றால் சந்திரமதிதான். இருபத்தேழு வருஷமாக அதே கடை, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அதோடேயே பேசுவாள், திட்டுவாள், சிரிப்பாள். இந்த வருஷம் எதிர் வரிசையில் ரெடிமேட் ரவிக்கைக் கடை வந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் பாக்கி, அலமாரியில் பதினோரு துணி கிடந்தது. வழக்கமாக நூறைத் தாண்டும்.

"பேனர மாத்தணும் அத்தை," என்றாள் அண்ணன் மகள் ஷர்மினி. சிங்கப்பூரில் விலை உயர்ந்த கைப்பைகளுக்கு விளம்பரம் செய்கிற கம்பெனியில் வேலை. "மயிலு, குத்துவிளக்கு, மூணு போன் நம்பரு. மலிவா தெரியுது லா. லக்ஷரின்னா காலி இடம். கலர் கூடாது. சிரிக்கவும் கூடாது."

"சிரிச்சா என்னவாம்?"

"சிரிக்கறவங்க விக்க வந்தவங்க. சிரிக்காதவங்ககிட்டதான் நாம போயி கெஞ்சி வாங்குவோம்."

எதிர்க் கடைக்காரன் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் நின்றான். சந்திரமதிக்கு நியாயமாகப் பட்டது. குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு, உம்மென்று படத்துக்கு உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை பேனர் ஏறியது. கறுப்பு வெள்ளையில் அவள் முகம். ஓரத்தில் ஒற்றை வெள்ளை லில்லி. கீழே பெயர். அதற்கும் கீழே, 1998 – 2025.

"ஆரம்பிச்ச வருஷம், இந்த வருஷம். பாரம்பரியம் அத்தை," என்றாள் ஷர்மினி.

பத்து மணிக்கெல்லாம் வாசலில் அழுகைச் சத்தம். ராசம்மா. ரெடிமேட் கடைக்கு முதல் ஆளாக ஓடியவள். சந்திரமதி உள்ளே திரைக்குப் பின்னால், அளவு நாடாவும் கையுமாக நின்றுவிட்டாள்.

"நேத்துகூட மார்க்கெட்ல பாத்தேனே புள்ள. அந்தக் கடை ரவிக்கை கையத் தூக்கினா கிழியுது. ஒன் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டு வராம இருந்துட்டேனே."

கூட வந்த தனலெட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காத ஷர்மினி. என் பச்சைத் துணிய வெட்டிட்டாளா, வெட்டலையா?"

ஐம்பத்து மூன்று வயசு முகத்துக்கு இருபத்தேழு வருஷம்தான் போட்டிருக்கிறதே என்று ஒருத்தியும் கணக்குப் பார்க்கவில்லை.

திரை விலகியது.

"இன்னும் வெட்டல," என்றாள் சந்திரமதி.

"அலமாக்," என்று அலறி தனலெட்சுமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராசம்மாவுக்கு அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. "உயிரோடவா இருக்க?"

"கையத் தூக்கு," என்று சந்திரமதி நாடாவைச் சுற்றினாள். கண்ணீர் காய்வதற்குள் அளவு எழுதி முடித்தாயிற்று. ராசம்மா வீட்டுக்குப் போய் நாலு துணியோடு திரும்பி வந்தாள்.

மத்தியானத்துக்குள் சேதி பொந்தியான் வரை போனது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், உயிரோடு இருப்பவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ரவிக்கைக்கு அளவு கொடுத்தார்கள். சாயங்காலம் அலமாரி நிரம்பி, துணிகள் நாற்காலிக்கு இறங்கின.

புருஷன் தங்கராஜு ஏணியோடு வந்தார். "நல்லா இருக்கற ஆளுக்கு இதெல்லாம் ஆகாது. எறக்கிடறேன்."

"ஏணிய ஓரமா வைங்க," என்றாள் சந்திரமதி. "ஆயர் ஈத்தாம் பக்கம் இன்னும் சேதி போகல."