பன்னிரண்டு மணிச் சொட்டு

கண்ணுக்கு லேசர் செய்துகொண்டு கண்டியிலிருந்து வந்த மறுநாள் காலையில், தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் எங்கள் காம்பரா வாசலில் நின்று பார்த்தேன். எதிர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியின் கிழிசல் வரை தெரிந்தது. ஏழு வயதிலிருந்து சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டியவள் நான். சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் இவ்வளவும் கிடைத்துவிட்டதே, எப்போது பறிபோகுமோ என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

டாக்டர் சொல்லி அனுப்பியது கொஞ்சமல்ல. தண்ணீர் படக்கூடாது, புகை படக்கூடாது, கசக்கவே கூடாது, அவர்கள் கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது. தூங்கும்போது இரண்டு கண்ணுக்கும் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும். விறகு எரிக்கிற லயத்தில் புகை படாமல் எங்கே போய் இருப்பது? என் வீட்டுக்காரர் அடுப்பைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து, ஒரு வாரம் அவரே சமைத்தார். உப்பில்லாத பருப்பை வாய் திறக்காமல் தின்றேன். பனிமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடியோடு பீலியடிக்குப் போனால், தண்ணீர் பிடிக்கிற பெண்கள் விடுவார்களா?

"என்னா டீச்சர், படத்துல நடிக்கப் போறீங்களா? எங்களுக்கும் ஒரு வேஷம் கேட்டு வாங்குங்க!"

சிரித்து வைத்தேன்.

நான் தோட்டத்துப் புள்ள மடுவத்தில் டீச்சர். தாய்மார் மலைக்குப் போயிருக்கும்போது அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மழைக்காலத்தில் ஒரு கைக்குழந்தை என் கண்ணாடியை இழுத்துக் கீழே போட்டு, ஒரு பக்கம் நொறுங்கிவிட்டது. நான் தரையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொன்று தவழ்ந்து மழைத்தண்ணீர் ஓடுகிற வாசல் கானுக்குள் இறங்கிவிட்டது. வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது பிள்ளை என்று தெரியவில்லை. சமைக்க வருகிறவள் ஓடிப்போய்த் தூக்கினாள்.  கண் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் மடுவத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பக்கத்துக் காம்பராவில் என் கொழுந்தனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். அவளுக்கு ஐந்து மாதப் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் லயத்தில் யாருக்காவது கண் சிவந்தாலும் தூசி விழுந்தாலும், பால் கொடுக்கிற தாய் ஒருத்தியைத் தேடிப் போய் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கும் விட்டிருக்கிறார்கள்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வலது கண்ணில் மணல் விழுந்தது போல ஒரு உறுத்தல், பார்வையும் மங்கல். "கண்ணு உறுத்துதுடி" என்று அவளிடம் வாயை விட்டுவிட்டேன். மத்தியானம் மூடியை ஒட்டிக்கொண்டு படுத்தவள், வெதுவெதுப்பாக ஏதோ பட்டு விழித்தேன். வலது கண் மூடியைக் கழற்றிவிட்டு, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சங்கோடு அவள் என் மேல் குனிந்திருந்தாள்.

"அசையாதீங்கக்கா. ரெண்டே சொட்டு. குளுகுளுன்னு இருக்கும்."

பதறி எழுந்தேன். "அடி படுபாவி! எங் கண்ண அவிச்சிட்டியேடி! ஒம் பாலுல என்னா கெடக்கோ!"

பால் கொடுக்கிற பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது? அவள் முகம் செத்துப்போனது. சங்கைக் கைக்குள் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். கழுவ வேண்டாம், கசக்க வேண்டாம், மருந்தை விட்டுக்கொண்டு விடிந்ததும் வாருங்கள் என்றார்கள். இருட்டும் வரை சுவரில் தொங்கிய கடைக் காலண்டர் முன்னால் நின்றேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் படித்தேன். ராகு காலம் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்து தெரியவில்லை. காலையில் தெரிந்ததா? ஞாபகம் இல்லை. திரும்பவும் பார்த்தேன்.

"இப்புடி நூறு தடவ பாத்தா நல்ல கண்ணும் மங்கிரும். வந்து ஒக்காரு" என்றார் வீட்டுக்காரர். அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

முதல் பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனோம். கண்ணில் என்ன விட்டீர்கள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். வெட்கத்தில், தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்லிக் கண்ணைத் தொலைப்பதா? "மவ் கிரி" என்றேன், தாய்ப்பால் என்று. பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கருவியில் நெற்றியை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். மங்கலுக்குக் காரணம் வறட்சி, லேசருக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் என்றார். கண்ணை ஈரமாக வைக்க ஒரு சொட்டு மருந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடச் சொன்னார். கண்ணுக்குள் கிருமி போயிருந்தால் இனித்தான் தெரியுமாம். சிவந்தாலோ வலித்தாலோ உடனே வர வேண்டுமாம். வருகிற வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் என் கண்ணைக் காட்டி, சிவந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

சிவக்கவில்லை, வலிக்கவும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை. லீவு முடிந்து மடுவத்துக்குப் போன அன்று, பிள்ளைகளைத் தூக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கினேன். ஒரு பிஞ்சுக் கை என் பக்கம் வந்தால் போதும், இறக்கி விட்டுவிடுவேன். இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் கண்ணைச் சரி செய்துகொண்டேன். இப்போது இவர்களைக் கண்டாலே நடுக்கம். கொழுந்தன் மனைவி காலையில் வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மலைக்குப் போனாள். 

மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். அவள் உள்ளே வரும்போது அவள் பிள்ளை என் கையில் இருந்தான். என் முகத்தை நோக்கிக் கையை நீட்டினான். வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டு அவனைத் தள்ளிப் பிடித்தேன். அவன் வீரிட்டு அழுதான்.

"எம்மேல கோவம்னா எம்மேல காட்டுங்கக்கா. புள்ள என்னா செஞ்சான்?"

"கோவமில்லடி, பயம்" என்றேன். "இவன் வெரல் பட்டுக் கண்ணு போயிருமோன்னு பயம். அன்னைக்கு ஒன்னயப் பேசுனதும் பயத்துலதான். பேசக் கூடாத பேச்சு. மனசுல வச்சுக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழலாமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேனே என்று அதற்கும் பயந்தேன்.

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு தாண்டிருச்சு. சொட்டு விட்டீங்களா?"

மறந்தே போயிருந்தேன். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சொட்டு விடுகிற நேரம் வந்துவிட்டதென்று வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கூவியதையெல்லாம் அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கணக்கு வைத்திருக்கிறாள்.

பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போய், கொழுந்துக் கறை படிந்த கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினாள். என் பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். அதற்குள் பிள்ளையின் விரல்கள் என் காதோரம் ஏறி, அங்கே முன்பு எப்போதும் இருந்த கண்ணாடிக் காலைத் தேடிக்கொண்டிருந்தன. நான் விலகவில்லை.

"அசையாதீங்கக்கா. ஒரே சொட்டு."

 கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.