சிவப்பு அம்பு

என் கைபேசியின் விளிம்பில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கிறது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் வார்ப்படத் தொழிற்சாலையில், பாகத்தில் வெடிப்பு கண்டால் அந்த இடத்தைக் காட்ட இதைத்தான் ஒட்டுவோம். கைபேசியில் ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். பிய்த்தெறிய எனக்குக் கை வரவில்லை.

அது எங்கள் லைன் லீடர் அக்கா வேறோர் இடத்தில் ஒட்டியிருந்த அம்பு. சாமல்பட்டிக்காரர். "ஓரத்துல இருந்து பாருங்க. நடுவுல பளபளன்னு இருக்கறது நம்மள ஏமாத்திடும்" என்று நாளுக்குப் பத்து தடவை சொல்வார். எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் அவருடைய தம்பி அங்கேதான் ராணுவத்தில் இருந்தார். நான்கு நாட்களாகப் போன் இல்லை. எங்களுக்கும் அது தெரியும். கேன்டீன் டிவியில் குண்டு விழும் காட்சி பின்னணி இசையோடு திரும்பத் திரும்ப ஓடியது. சாம்பார் சாதத்தைப் பாதியில் விட்டுக் கைதட்டினோம். நான் விசிலே அடித்தேன். "இதே புகையத்தான் நேத்து வேற ஊருன்னு காட்னாங்க" என்றார் அக்கா. யார் காதில் வாங்கினோம்?

தம்பி பிழைத்துக்கொண்டார். ஆயுத பூஜை வந்தது. அளவுக் கருவிகளுக்குப் பொட்டு வைத்து அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் அக்கா ஒரு பலகையை நிறுத்தினார். அத்தனையும் டிவியில் வந்த போர்ப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு, ஆனால் நெருப்பைக் காட்டவில்லை. ஓரத்தில் கொடியில் காயும் குழந்தைச் சட்டை, திறந்து கிடக்கும் ஜன்னல், சாய்ந்த சைக்கிள். நூறு முறை பார்த்தும் என் கண்ணில் படாதவை. கடைசிப் படம் எங்கள் கேன்டீன். நான் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட செல்பி. நடுவில் விசிலடிக்கும் நான். அம்பு காட்டிய மூலையில், தட்டைத் தொடாமல், போனைக் கையில் இறுக்கிக்கொண்டு அக்கா.

"பூஜையும் அதுவுமா எதுக்குங்க இதெல்லாம்? எடுத்துடுங்க" என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். நானும் எடுத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா வாதாடவில்லை. "நீங்க பாத்தீங்கல்ல, போதும்" என்றார். கடைசிப் படத்தின் அம்பு என் விரலோடு வந்துவிட்டது. அதைத்தான் கைபேசியில் ஒட்டிக்கொண்டேன்.

அக்கா இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு கம்பெனியில். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நேற்றும் கேன்டீன் டிவியில் எங்கோ ஒரு சண்டை, கைதட்டினார்கள். என் கையும் பாதி எழும்பிவிட்டது. கைபேசியிலிருந்த அம்பு கண்ணில் பட்டது. திரையை விட்டுவிட்டு, எந்த மூலையில் யார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.