தோத்தாத்ரியின் சந்தேகமும் துர்கா சுட்ட சுவரும்

சேலையூர் தோத்தாத்ரி பால் பாக்கெட்டை வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் வெட்ட மாட்டார். தண்ணீர் கேன் வந்தால் மூடியின் சீலை நகத்தால் சுரண்டுவார். மழை வரப்போகிறது என்று டிவியில் சொன்னால், மாடிக்குப் போய்த் தன் கண்ணால் மேகத்தைப் பார்த்த பிறகுதான் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பார். அதற்குள் துணி நனைந்திருக்கும். அதற்காகக் கெட்ட மனுஷன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புறம் பேசத் தெரியாதவர். சந்தேகப்பட்டாலும் முகத்துக்கு நேரே படுவார்.

இருபத்திரண்டு வருஷம் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். பரீட்சை ஹாலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பிட்டு வைத்திருக்கும் பிள்ளை அதை வாயில் போட்டு மென்றுவிடும். வேலையை விட்டபின், வெளிநாடு போன மைத்துனனின் கேமிங் சென்டர் அவர் தலையில் வந்து விழுந்தது. கிழக்குத் தாம்பரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி, பத்துக் கம்ப்யூட்டர். விளையாட்டே தெரியாதவர் ஆறு மாதத்தில் அத்தனையும் கற்றுக்கொண்டார். தெரியாத இடத்தில்தானே ஏமாற்றுவார்கள்? மவுஸில் சக்கரத்துக்குக் கீழே வேகத்தை மாற்றுகிற பொத்தான் ஒன்று உண்டு. பையன்கள் அதை நோண்டிவிடுவார்கள் என்று பத்து மவுஸிலும் வேகத்தைக் குறைத்து வைத்து, பொத்தான்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

அங்கே ஏழாம் நம்பர் சீட்டுக்கு வருகிறவள் துர்கா. இருபத்திரண்டு வயது. கடலோரக் குடும்பம், இப்போது பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறார்கள். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்க, காலையில் இவள் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பாள். மதியம் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நேரே சென்டருக்கு வந்துவிடுவாள்.

அது துப்பாக்கி விளையாட்டு. விசையைப் பிடித்துக்கொண்டே சுட்டால் துப்பாக்கி உதைத்து மேலே ஏறும். ஏறினபின் இடப்பக்கம் ஓடும், அப்புறம் வலப்பக்கம். ரீகாயில் என்பார்கள். துப்பாக்கி ஒரு கோலம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை அதே கோலத்தைத் தலைகீழாகப் போட்டால்தான் குண்டு ஓரிடத்தில் நிற்கும். மவுஸைக் கீழே இழுக்க வேண்டும், பிறகு வலம், பிறகு இடம். எல்லாம் மூன்று விநாடிக்குள். துர்கா ஆறு மாதமாக எதிராளி இல்லாத பயிற்சி இடத்துக்குப் போய், ஒரு வெறும் சுவரைத்தான் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா செவுரு, இன்னிக்கு எத்தினி செங்கல் ஒடைச்ச?” என்று பையன்கள் கேட்பார்கள்.

“ஒன் மூஞ்சி தவிர எல்லாம் ஒடைஞ்சிட்சி. அது கருங்கல்லாச்சே” என்பாள்.

தோத்தாத்ரிக்கு அப்போதே உறுத்தியது. ஆள் இல்லாத இடத்தில் இவளுக்கு என்ன வேலை?

அந்த ஞாயிறு சோழிங்கநல்லூரில் சென்டர்களுக்கு இடையே போட்டி. ஐந்து பேர் டீமில் நாலு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது துர்காவா, காலேஜ் படிக்கிற ஹரிபிரசாத்தா என்று வியாழக்கிழமை ஆட வைத்துப் பார்த்தார். துர்கா அவனைப் பதினாறு தடவை வீழ்த்தினாள். அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டான்.

“சார், இவ ஹேக் போட்டிருக்கா. கன் ஏறவே இல்ல, நீங்களே பாருங்க. மவுஸ்ல புரோகிராம் ஏத்தி வச்சிருக்கா. அதுவே கீழ இழுக்குது.”

“த்தோடா! தோத்தா ஹேக்கு, ஜெயிச்சா மூளையா?” என்றாள் துர்கா.

தோத்தாத்ரி எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். சுவரைச் சுடச் சொன்னார். முப்பது குண்டில் இருபத்தேழு ஒரு தேங்காய் அளவு இடத்தில் விழுந்தன. மனுஷக் கைக்கு இது ஆகிற காரியமா? பீரோவைத் திறந்து, சீல் பிரிக்காத புது மவுஸ் ஒன்றை எடுத்து மாட்டினார்.

“இதுல சுடு.”

துர்கா ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாள். “சார், இது பேய் மாதிரி ஓடுது.”

“உன் மவுஸ்ல ஓடாதது இதுல மட்டும் ஏன் ஓடுது? சுடும்மா.”

சுட்டாள். குண்டுகள் தரையிலும் கூரையிலும் சிதறின. பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். தோத்தாத்ரி வெள்ளைப் பலகைக்குப் போய், ‘துர்கா – நீக்கம்’ என்று எழுதினார். இத்தோடு போகிற விஷயம் இல்லை. திருட்டு ஆட்டம் ஆடினவர் பெயரை எல்லா சென்டருக்கும் அனுப்புவது அங்கே வழக்கம். அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தால் அப்புறம் ஒரு சென்டரும் உட்கார இடம் தராது. சனிக்கிழமை பட்டியல் போகும்.

துர்கா வாசலில் நின்று திரும்பினாள். “நீ என் கைய பாக்கவே இல்ல சார். மவுஸத்தான் பாத்த.”

அவள் போனதும் தோத்தாத்ரி ஏழாம் நம்பர் மவுஸைக் கழற்றி ஆராய்ந்தார். கையும் களவுமாகப் பிடித்ததற்குச் சாட்சி வேண்டாமா? உள்ளே தூசிதான் இருந்தது. கம்ப்யூட்டரைக் குடைந்தார். ஒரு புரோகிராமும் இல்லை. இருக்காதே என்று மறுபடி குடைந்தார். கடைசியில் தானே உட்கார்ந்து இரண்டு மவுஸிலும் சுட்டுப் பார்த்தார். பழையதில் அவர் குண்டு வழக்கம்போல மேலே ஏறியது; மவுஸ் தானாகக் கீழே இழுக்கவில்லை. புதியதில் விரலை அசைத்ததும் துப்பாக்கி கூரையைப் பார்த்தது.

புது மவுஸை உற்றுப் பார்த்தார். சக்கரத்துக்குக் கீழே பொத்தான் பளபளத்தது. அதில் டேப் இல்லை; யாரும் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அந்தப் பொத்தானைத் துர்கா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, ஏனென்றால் அவள் கற்றுக்கொண்டது இந்த மாடியில்தான்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு அன்றைக்குத்தான் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அது வந்தபின் சும்மா விடுமா? பரீட்சைத் தாள்களில் காப்பியடித்ததை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று யோசித்தார். ஒரு தாளை மட்டும் பார்த்தா? இல்லை. இரண்டைப் பக்கத்தில் வைத்து, ஒரே தப்பு ஒரே இடத்தில் வருகிறதா என்று பார்த்தோம். இந்தப் பெண் விஷயத்தில் மட்டும் ஒரே சுவரோடு எப்படி முடித்தோம்?

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனார். மீன் பக்கமே போகாதவர், மூக்கைத் துண்டால் மூடாமல் நின்றார். துர்கா வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“துர்கா, என் சோதனைல தப்பு இருக்கு.”

“ஒன் சோதனைலயா, ஒன்கிட்டயா?”

“சோதனை என்னுதுதானே. மத்தியானம் வா. மறுபடி பாக்கறேன். நீ சுத்தம்னு நான் இன்னும் சொல்லல.”

அவள் அம்மா கத்தியை ஓங்கிவிட்டாள். துர்காவுக்கு என்னவோ சிரிப்பு வந்தது. “வுடு மா. மனசுல இன்னா கீதோ அத்தத்தான் பேசுது. வரேன் சார். ஆனா நேத்து கூவுன அத்தினி பேரும் இருக்கணும். ஒருத்தன் கொறஞ்சாலும் மவுஸத் தொட மாட்டேன்.”

எல்லாரும் இருந்தார்கள். புது மவுஸின் வேகத்தைப் பழையதோடு சரிபார்த்து, இரண்டு தடவை சரிபார்த்து, மேஜைமேல் வைத்தார். “பத்துச் சுவர் சுடணும்.”

முதல் சுவரில் இருபத்தாறு. இரண்டாவதில் மூன்று குண்டு இடப்பக்கம் தப்பின. நான்காவதில் தும்மல் வந்து பாதி கூரைக்குப் போனது. ஒவ்வொரு சுவரையும் தோத்தாத்ரி போனில் படம் பிடித்தார். எட்டாவதில் குண்டுக் கொத்து கொஞ்சம் மேலே ஏறியது. ஒன்பதுக்கு முன்னால் துர்கா மணிக்கட்டை உதறிக்கொண்டாள்.

பத்துப் படத்தையும் வரிசையாகப் பார்த்தார். புரோகிராம் இழுத்தால் பத்தும் ஒரே அச்சாக இருக்கும்; இதில் தப்பின குண்டு ஒன்றுகூட இரண்டு படத்தில் ஒரே இடத்தில் விழவில்லை.

“சார், கடைசி ரெண்டு சரியா வரலையே?” என்றான் ஹரிபிரசாத்.

“அதைத்தான்டா பாத்துண்டிருக்கேன். புரோகிராமுக்குக் கை வலிக்குமா?”

தோத்தாத்ரி பலகையில் எழுதினதை உள்ளங்கையாலேயே அழித்தார்.

“நேத்து எழுதினத்தவிட பெருசா எழுது சார்” என்றாள் துர்கா.

எழுதினார். ஐந்தாவது இடத்தில் அவள் பெயர், பலகையின் பாதிக்கு வந்தது.

“தப்பு என்னுது துர்கா” என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

“அது சரி. ஞாயித்துக்கெயம ஆட சொல்லோ என் பின்னாடி வந்து நிக்காத. ஒன் மூச்சு காதுல பட்டுக்கினே கீது. பேஜாரா கீது.”

தோத்தாத்ரி இரண்டு அடி தள்ளி நின்றார். அங்கிருந்து அவள் கை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். தெரிந்தது.