நடுவில் அமுக்கியது யார்?

இன்று மதகடிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் செல்வி அக்கா என்னை மடக்கினார். எங்கள் ஊரில் நெல் போடுகிறவர்.

"இன்னாபா, அறுப்பு மிஷின் பக்கத்துக் கயனி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. எனக்கு மெசேஜே வரல."

ஊரில் யாருக்கு மிஷின் முறை வந்தாலும் அவருக்குச் செய்தி அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். 'எல்லாருக்கும் அனுப்பியாச்சு' என்றது திரை.

நம்பவில்லை. தோண்டினேன். கோடில் ஒரு வேலைக்கு ஒரு ஃபங்ஷன்; ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது மற்றொன்றை.

ஒரு நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் நம்பரையும் சேர்த்துத் தருவது நம்மூர் வழக்கம். அக்காவுடைய இரண்டையும் பட்டியலில் ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து, அடியில் இருந்த ஃபங்ஷன் 'பிழை' என்று கத்தியிருக்கிறது.

"அப்போ உள்ள இருக்கிறது தப்புன்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சுக்கா."

"நடுவுல யாரு அமுக்கினது?"

"நான்தான்க்கா."

ஒருவரால் மற்றவர்களின் செய்தி நின்றுவிடக் கூடாதென்று, நடு ஃபங்ஷனில் பிழையைப் பிடித்துச் சும்மா விட்டுவிடச் சொல்லியிருந்தேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு, அக்கா பெயருக்கு மட்டும் மறுபடி ஓட்டினேன். எது எதைக் கூப்பிட்டது என்று ஃபங்ஷன் பெயர்கள் அடியிலிருந்து மேல்வரை சிவப்பாக வரிசை கட்டி நின்றன.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"இத்தினி பேரு உள்ள இருக்காங்க. ஒருத்தன்கூட எனக்கு ஒரு போன் பண்ணல."

மிஷின்காரருக்கு நானே போன் போட்டேன். நாளைக்கு வருகிறார். கோடையும் மாற்றினேன்: இனி மற்றவர்களின் செய்தி நிற்காது, எந்தப் பிழையும் மேலேறி என் போனுக்கே வரும்.

உங்கள் கோடில் நடுவில் உட்கார்ந்து அமுக்குவது யார்? நீங்களேதானே?