தண்ணீர் தாங்கும் தரை

ஜெர்மனியில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று நான் முதலில் தேடியது சலதாரையைத்தான். கூடத்தில் இல்லை, சமையலறையிலும் இல்லை. ஊற்றிய தண்ணீர் வெளியே போக ஓர் ஓட்டைகூட வைக்காமல் எவனாவது வீடு கட்டுவானா? இங்கே கட்டுகிறார்கள். பலகைத் தரையை ஈரத்துணியால், சாப்பிட்ட குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல ஒற்றி எடுத்தால் சுத்தமாகிவிட்டதாம். நல்ல கூத்து! வெள்ளிக்கிழமைதோறும் குடம் குடமாக ஊற்றி வீடு கழுவி வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் இவருக்கு நெசவு இயந்திரம் செய்யும் ஆலையில் வேலை. வந்த ஆறே மாதத்தில் ஊர் பிடித்துவிட்டது. ஊரோடு ஒத்துப்போ என்றார். போனேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் காஞ்சிபுரத்திலிருந்து தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள். தந்தி என் கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்து போயிருந்தது. இவர் ஆலையில் இருந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. உடுத்திய புடவையோடு தலைமுழுகிவிட்டு வந்து நின்றேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, கை மட்டும் பரபரத்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாள் நினைவுக்கு வந்தது. பாடை தெருமுனை திரும்பியதும் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூடத்தில் தறி, நெய்கிறவர் காலைத் தொங்கவிட அதன் முன்னால் ஒரு குழி. "குழிக்குள்ள தண்ணி பூந்துடப்போவுது, சாக்கச் சுருட்டி சுத்தி வெய்யி" என்றாள் என்னிடம். நான் சுவரோரமாக நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். "அழுதுக்கினே ஊத்துடி. நின்னுக்கினு அழுதா வூட்ட யாரு கழுவறது?" என்று அதட்டினாள். அவளும் அழுதுகொண்டுதான் ஊற்றினாள். கடப்பைக் கல்லில் தண்ணீர் ஓடித் தெருவில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் எங்களால் உட்கார முடிந்தது.

இங்கேயும் வாளியை நிரப்பி ஊற்ற ஆரம்பித்தேன். ஆலையிலிருந்து இவர் வந்தபோது கூடம் முழுக்கத் தண்ணீர். மேசைமேல் கிடந்த தந்தியை எடுத்துப் படித்தார்.

"இன்னாம்மா இது? பொணம் இங்கயா இருந்துது, வூட்ட கழுவறதுக்கு?"

"எங்கம்மா மொகத்த நான் எங்க பாத்தேன்? கழுவவாவது வுடுங்க."

இவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அதற்குள் கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்தாள், அவள் கூரையில் ஒழுகுகிறதாம். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "மூட்டர்... டோட்" என்றேன்; தாய் இறந்துவிட்டாள் என்று. அவள் முகம் வெளுத்தது. தண்ணீரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், மெல்ல எங்கள் படுக்கையறையை எட்டிப்பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிணம் உள்ளே கிடக்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம். அப்படிக் கிடந்திருந்தால் நான் கொடுத்துவைத்தவள் இல்லையா! அப்போதுதான் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

பலகைகள் ஊறி உப்பி ஓரம் தூக்கிக்கொண்டன. தரையை மாற்றியே தீரவேண்டும், எதைப் போடுவதென்று நீங்களே பாருங்கள் என்று வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். தரைப்பலகை விற்கும் கடைக்குப் போனோம்; கடைக்காரர் இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று, ஒட்டுப்பலகைமேல் மெல்லிய ஓக் மரத்தைப் பதித்தது. தொட்டால் இதமாக இருந்தது. மற்றது, மரக்கோடுகளை அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. கூடத்துக்கு மரம்தான் அழகு என்றார் அவர். வாளித் தண்ணீரை ஊற்றினால் எது தாங்கும் என்று இவரைக் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சலவைக் கடை வெச்சிருக்கீங்களான்னு கேக்கறாரு" என்றார் இவர். விரிப்புத்தான் தாங்குமாம்.

"ஏங்க, அதையே போட்டுடலாம்."

"பாத்தாலே பொய் மரம்னு தெரியுது. எதுக்கும்மா?"

"தண்ணி ஊத்தலாம்."

"எப்ப ஊத்தப் போற?"

வெள்ளிக்கிழமை என்று சொல்ல வந்தேன்; சலதாரை இல்லாத வீட்டில் வாரம்தோறும் ஊற்ற முடியாதென்று எனக்கே தெரியும். ஊரில் அப்பா இருக்கிறார். இவருடைய அம்மாவும் இருக்கிறார். அடுத்த தந்திக்கு அல்லவா நான் தரை வாங்க வந்திருக்கிறேன்! அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவருக்கும் புரிந்துவிட்டது. கடைக்காரரிடம் திரும்பி, விரிப்பையே கொடுங்கள் என்றார்.

என்னைப்போல் கடல் தாண்டி வந்து குடித்தனம் வைத்திருப்பவர்களே, எந்தத் தரை நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். விரிப்பு வந்து வருஷமாகிறது. வாங்கியதே தண்ணீர் ஊற்றத்தான், ஆனால் ஒரு செம்புத் தண்ணீர்கூட நான் அதில் ஊற்றியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மண்டியிட்டு ஈரத்துணியால் ஒற்றுகிறேன். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாய் என்று தோளில் தட்டினாள். அவளுக்கென்ன தெரியும்? காஞ்சிபுரத்தில் ஒரு சாவு விழுந்து நான் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்குத்தான் இது என் வீட்டுத் தரையாகும். அப்பா நன்றாக இருக்கட்டும். இது யார் வீட்டுத் தரையாகவோ காய்ந்தே கிடக்கட்டும்.