கடிகாரத்துக்குப் போன பேட்டரி

பஸ் ஓட்டிய காலம் முழுக்க ஒரு பயணிக்கும் சின்னக் கீறல்கூட விழவிடாதவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொல்லிச் சொல்லி, கேட்டவர் காது புளித்துப்போனது. தெருவில் அவருக்குப் பெயரே 'கீறல் டிரைவர்' என்றாகிவிட்டது. மாடியைக் கட்டி, தையற்காரி ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒண்டிக்கட்டை, வாய் நிறைய அவரை அண்ணா என்பாள்.

மாடிக் கூரையில், புகை வந்தால் அலறும் மணி ஒன்று உண்டு. அதற்கு ரோஷம் அதிகம். வெங்காயம் லேசாகக் கருகினால் போதும், ஊரையே கூட்டிவிடும். கீழே மனுஷனுக்கு மதியத் தூக்கம் போச்சு! ஒருநாள் விறுவிறுவென்று ஏறிப்போய், நாற்காலி போட்டு, பேட்டரியைக் கழற்றி வந்து, நின்றுகிடந்த தன் சுவர்க் கடிகாரத்தில் போட்டுக்கொண்டார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பு வேறு.

"அண்ணா, என் பேட்டரி எங்கண்ணா?" என்று படியிறங்கும்போதெல்லாம் கேட்பாள்.

"போடலாம் போடலாம். நான்தான் கீழ குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே! புகை வந்தா எனக்குத் தெரியாதா?"

அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். வீட்டுக்காரரை எத்தனை தடவைதான் கேட்பது?

ஒரு மதியம் இஸ்திரிப்பெட்டியை அணைக்க மறந்து, அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். தைக்க வந்த துணிக்குவியல் பற்றிக்கொண்டது. கீழே குத்துக்கல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இருமிக்கொண்டே எழுந்தவள், எரிகிற துணியை வெறுங்கையால் இழுத்துத் தள்ளித்தான் வாசலுக்கு வழி கண்டாள். உயிர் பிழைத்தது. ஆனால் ஊசியில் நூல் கோத்த விரல்கள் அதன்பிறகு கரண்டிகூடப் பிடிக்கவில்லை.

அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் உள்பட. அதுதான் அவர் உயிரை வாங்கியது. கடிகாரம் டிக் டிக் என்றாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே, பாவி, என்று தனியாக உட்கார்ந்து அழுதார்.

அவள் வேறொரு மாடிவீட்டுக்குக் குடிபோனாள். சில நாள் கழித்துப் போன் வந்தது.

"அண்ணா, இங்கயும் அந்த மணி இருக்கு. பேட்டரி போடலாம்னா விரல் மடங்க மாட்டேங்குது. வந்து போட்டுத் தர்றீங்களா?"

புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார். நாற்காலியில் ஏறி, அதை மாட்டி, சோதிக்கிற பொத்தானை அழுத்தினார். வீடே அதிரும்படி அலறியது. கண்ணீர் வழிய நின்றவருக்கு விரலை எடுக்க மனசே வரவில்லை.

"போதும்ணா," என்றாள் அவள், கட்டுப் போட்ட கையை ஆட்டி. "கீழ வீட்டுக்காரர் தூங்கணும்ல."